நெருக்குதல் ஓய்ந்த பிறகு என்ன நடக்கிறது? வல்லரசுப் போட்டியில் பொருளாதார நெருக்குதல் குறித்த இழை

வடந்தை:

அமெரிக்க அதிபர் டிரம்ப்பும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் 2025 அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் சந்தித்தார்கள். ஒருவர் மீது ஒருவர் அறிவித்திருந்த வணிகக் கட்டுப்பாடுகளில் சிலவற்றை ஓராண்டுக்கு நிறுத்தி வைக்க ஒப்புக்கொண்டார்கள். இதைச் சமாதானம் என்று எழுதியவர்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருடைய குரல்வளை எங்கே இருக்கிறது என்பது இரு தரப்புக்கும் தெரிந்துவிட்ட நிலையில், தன் குரல்வளையைக் காத்துக்கொள்வதற்காக இருவரும் வாங்கிக்கொண்ட அவகாசம் அது. இத்தகைய அவகாசங்களில் என்ன செய்யப்படுகிறது, என்ன செய்யப்படாமல் விடப்படுகிறது என்பதே அடுத்த நெருக்குதலின் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். உள்நாட்டுத் தொழிலைக் காக்க ஒரு நாடு சுங்கவரி விதிப்பது வேறு. இன்னொரு நாடு எடுத்த அரசியல் முடிவை மாற்ற வைப்பதற்காக அது வாங்கும் பொருளையோ, விற்கும் பொருளையோ, அதன் பணம் போய்வரும் வழியையோ அடைப்பது வேறு. நான் நெருக்குதல் என்று சொல்வது இந்த இரண்டாவதை.

2010 செப்டம்பர் 7 அன்று, ஜப்பான் சென்காகு என்றும் சீனா தியாவ்யூ என்றும் அழைக்கும் தீவுகளுக்கு அருகே ஒரு சீன மீன்பிடிக் கப்பல் ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்கள் மீது மோதியது. ஜப்பான் அதன் தலைவரைக் காவலில் வைத்தது. இரு வாரங்களில், சீனாவிலிருந்து அருமண் தனிமங்கள் (வலுவான காந்தங்களுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் தேவைப்படும் உலோகங்கள்) வருவது நின்றுவிட்டதாக ஜப்பானிய இறக்குமதியாளர்கள் சொல்லத் தொடங்கினார்கள். தடை எதுவும் விதிக்கவில்லை என்றது பெய்ஜிங். உலக உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அப்போது சீனாவின் கையில் இருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் கப்பல் தலைவர் விடுவிக்கப்பட்டார்.

இது வரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். அதன் பிறகு நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு. 2011இல் ஜப்பானிய அரசு நிறுவனமான ஜோக்மெக், சோஜிட்ஸ் என்ற வணிக நிறுவனத்துடன் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்கு 25 கோடி டாலர் கொடுத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் சுரங்கத்தில் எடுத்து, மலேசியாவின் குவாந்தான் அருகே பிரித்தெடுக்கும் வழி அப்படித்தான் உருவாயிற்று. விலை உச்சத்திலிருந்து சரிந்து, லைனாஸ் நட்டத்தில் தள்ளாடியபோதும் ஜப்பான் கைவிடவில்லை. அதே காலத்தில் கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கத்துக்கு உயிர் கொடுத்த மாலிகார்ப் நிறுவனம், மலிவான சீனச் சரக்கு மீண்டும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் வாங்குவாரின்றி 2015 ஜூனில் திவாலானது. பின்னர் அந்தச் சுரங்கம் வேறு கைக்கு மாறித் தோண்டப்பட்டது. ஆனால் தோண்டியதைப் பிரித்தெடுக்கப் பல ஆண்டுகள் சீனாவுக்கே அனுப்பினார்கள்.

நெருக்குதல் என்னும் ஆயுதம் பயன்படுத்தப் பயன்படுத்த மழுங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது தானாக மழுங்குவதில்லை. நெருக்குதல் ஓய்ந்து விலை இறங்கிய பிறகும் மாற்று வழிக்கு யாராவது தொடர்ந்து பணம் கொடுத்தால் மட்டுமே மழுங்கும். இல்லையென்றால் பத்தாண்டுகளில் பழைய கூர்மைக்கே திரும்பிவிடும். மறுப்பு உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

தராசுமுள்:

நண்பர் வடந்தை அவர்கள் ஜப்பானை முன்மாதிரியாகக் காட்டுகிறார். 2025 ஏப்ரல் 4 அன்று சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று அறிவித்த பிறகு, மே மாத இறுதியில் ஜப்பானிலேயே சுசுகி நிறுவனம் ஸ்விஃப்ட் கார் உற்பத்தியை நிறுத்தியதை அவர் மறந்திருக்க மாட்டார். ஃபோர்டு நிறுவனத்தின் சிகாகோ ஆலையும் அந்த மாதம் சில நாள்கள் மூடிக்கிடந்தது. பதினைந்தாண்டு முயற்சிக்குப் பிறகு ஜப்பானும், முயலாத அமெரிக்காவும் ஒரே மாதத்தில் அடிவாங்கின என்றால் அந்த முயற்சியின் மதிப்பு என்ன?

இதற்கு விடை சீனா தேர்ந்தெடுத்த பட்டியலிலேயே இருக்கிறது. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய ஏழும்தான் அதில் இருந்தன. காந்தங்களுக்கு மிக அதிக அளவில் தேவைப்படும் நியோடிமியம் அந்தப் பட்டியலில் இல்லை. லைனாஸ் போன்ற மாற்று வழிகள் நியோடிமியம் போன்ற இலேசான தனிமங்களில்தான் உருவாகியிருந்தன. அதிக வெப்பத்திலும் காந்தத் தன்மை குன்றாமல் இருக்கச் சிறிதளவு சேர்க்கப்படும் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கனமானவற்றுக்கு வணிக அளவில் மாற்று வழி அப்போது அநேகமாக இருக்கவே இல்லை. திறந்துவிட்ட கதவை விட்டுவிட்டு, இன்னும் பூட்டியிருக்கும் கதவில் காவல் போட்டார்கள்.

ஆகவே ஒரு பொருளில் தப்பித்த நாட்டை நெருக்குபவர் அடுத்த பொருளில் பிடித்துவிட முடிகிறது. இது ஒரு மறுப்பு. இதைவிடப் பெரிய மறுப்பு பணம் பற்றியது.

சுரங்கத்துக்கு மாற்றாக இன்னொரு சுரங்கம் தோண்டலாம். டாலருக்கு மாற்றாக எதைத் தோண்டுவது? 1956இல் எகிப்தின் மீது படையெடுத்த பிரிட்டனைப் பின்வாங்க வைத்தது பவுண்டு. அதன் மதிப்பு சரிந்து, அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தபோது, சூயஸிலிருந்து வெளியேறும் வரை பன்னாட்டு நிதியத்திலிருந்து உதவி கிடைக்காது என்று ஐசன்ஹோவர் அரசு உறுதியாக நின்றது. நட்பு நாட்டின் மீதே பாய்ந்த நெருக்குதல் அது. அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டன் படைகள் வெளியேறின. அன்றிலிருந்து இன்று வரை டாலரின் பிடி பலமுறை பயன்பட்டிருக்கிறது. 2012 மார்ச்சில் ஈரானிய வங்கிகள், உலக வங்கிகள் பணப் பரிமாற்றச் செய்திகளை அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் பிணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டன. 2014இல் பிரான்சின் பிஎன்பி பாரிபா வங்கி, அமெரிக்கத் தடைகளை மீறி சூடான், ஈரான், கியூபா ஆகியவற்றுக்காகப் பணம் அனுப்பியதற்கு அமெரிக்காவிடம் ஏறத்தாழ 890 கோடி டாலர் அபராதம் கட்டியது. 2018இல் அமெரிக்கா ஈரான் அணு உடன்பாட்டை விட்டு விலகியபோது, ஐரோப்பாவின் மூன்று பெரிய அரசுகள் அமெரிக்கத் தடைகளை மீறி ஈரானுடன் வணிகம் நடத்த இன்ஸ்டெக்ஸ் என்ற அமைப்பை 2019இல் பாரிசில் நிறுவின. 2020 மார்ச்சில் ஒரு மருத்துவப் பொருள் பரிமாற்றத்தை நடத்தி முடித்த அந்த அமைப்பு 2023இல் கலைக்கப்பட்டது. எழுபதாண்டுகளில் மழுங்காத ஓர் ஆயுதத்தை வடந்தையின் கணக்கில் எங்கே வைப்பது?

அலைவாய்:

நான் ஒரு வங்கியின் வெளிநாட்டு வணிகப் பிரிவில் பணிபுரிகிறேன். எல்.சி. (வாங்குபவர் சார்பில் பணம் தருவதாக வங்கி எழுதித் தரும் உறுதிக் கடிதம்) ஆவணங்களைச் சரிபார்ப்பதே என் அன்றாட வேலை. தராசுமுள் சொல்லும் பிடி எங்கள் மேசையில் எப்படி வந்து சேர்கிறது என்பதைச் சொல்கிறேன்.

ஓர் இயந்திர உதிரிபாகச் சரக்குக்கான ஆவணக் கட்டு வருகிறது. விலைப்பட்டியல், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது), காப்பீடு, மூலச் சான்றிதழ் ஆகிய அனைத்தும் சரியாக இருக்கின்றன. கப்பலின் பெயரை மென்பொருளில் இடுகிறோம். அது தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் அதை இயக்கும் நிறுவனத்தின் பழைய பங்குதாரர் ஒருவரின் பெயர், பட்டியலில் உள்ள வேறொருவரின் பெயரை ஒத்திருக்கிறது என்று திரை சிவப்பாகிறது. இருவரும் வேறு ஆள்கள் என்பது பிறந்த ஆண்டைப் பார்த்தாலே தெரியும். இருந்தும் கோப்பு இணக்கப் பிரிவுக்குப் போகிறது. அங்கிருந்து, டாலரைத் தீர்வு செய்யும் வெளிநாட்டு வங்கிக்குக் கேள்வி போகிறது. அந்த வங்கி நான்கு கேள்விகள் கேட்கிறது. நான்குக்கும் விடை அனுப்பினால், இந்த வணிகத்தில் ஈடுபட விரும்பவில்லை என்று காரணம் சொல்லாமல் ஒற்றை வரியில் பதில் வருகிறது. சட்டம் அந்தப் பரிமாற்றத்தைத் தடுக்கவில்லை. பெரிய அபராதங்களைப் பார்த்துப் பழகிய அச்சம் தடுக்கிறது. சரக்கு துறைமுகத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறுகிறது. அதைக் கட்டுபவருக்கும் எந்த அரசின் பூசலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

சீனா கையாளும் முறையின் வலு வேறொன்றில் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் ஆணையே இருக்காது. 2017இல், சீனா எதிர்த்த அமெரிக்காவின் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்புக்குத் தன் கோல்ஃப் மைதானத்தைக் கொடுத்த தென்கொரியாவின் லாட்டே குழுமம் சீனாவில் நடத்திய கடைகள், தீயணைப்புப் பாதுகாப்பில் குறை என்று ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2020 நவம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த உயிருள்ள சிங்கி இறால்கள் டன் கணக்கில் ஷாங்காய் விமான நிலையத்தில் சுங்கச் சோதனைக்காகக் காக்க வைக்கப்பட்டன. உயிருள்ள சரக்குக்குச் சில நாள் தாமதமே போதும், தடை என்று அறிவிக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில், வில்னியஸில் தைவானின் பெயரிலேயே அலுவலகம் திறக்க இடம் கொடுத்த லிதுவேனியா, சீனச் சுங்கத்துறையின் கணினியில் நாடுகளின் பட்டியலிலிருந்தே காணாமல் போனது. படிவத்தை நிரப்ப முயன்றவருக்கு, தேர்ந்தெடுக்க அந்த நாட்டின் பெயரே இல்லை. ஆணை இருந்தால் அதை எதிர்த்து வழக்காடலாம். பட்டியலில் பெயர் இல்லாததை எதிர்த்து எங்கே வழக்காடுவது? ஐரோப்பிய ஒன்றியம் உலக வணிக அமைப்புக்குப் போய்ப் பார்த்தது. நெருக்குதலை எதிர்க்கும் தனிச் சட்டம் ஒன்றை 2023 டிசம்பர் 27 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. லிதுவேனியாவின் நேரடி ஏற்றுமதியில் சீனாவின் பங்கு ஒரு விழுக்காடு அளவில்தான் இருந்தது. அதனால்தான், லிதுவேனியாவில் செய்த பாகங்களைப் பயன்படுத்தும் ஜெர்மன் நிறுவனங்கள் மீது அழுத்தம் திருப்பப்பட்டது. இலக்கு சிறியதாக இருந்தால் அதன் பங்காளியைப் பிடிப்பார்கள்.

செங்காந்தள்:

மூவரும் எழுதியதை ஒன்றுக்கு இருமுறை படித்தேன். ஆயுதம் கூர்மையா மழுங்கலா என்று அளந்துகொண்டிருக்கிறோம். அது யார் உடம்பில் இறங்குகிறது என்பதை அலைவாய் மட்டும் ஓரளவு தொட்டிருக்கிறார்.

குவைத்தைக் கைப்பற்றிய ஈராக்கின் மீது 1990 ஆகஸ்டில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் முழுத் தடை விதித்தது. தடை பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. சதாம் உசேன் பதவியில் இருந்தார். மருத்துவமனைகளில் மருந்து இல்லை, குடிநீர் நிலையங்களுக்கு உதிரிபாகம் இல்லை. ஈராக் எண்ணெய் விற்ற பணத்தில் உணவும் மருந்தும் வாங்க வகைசெய்த ‘உணவுக்கு எண்ணெய்’ திட்டத்தை நடத்த ஐ.நா. அனுப்பிய டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இலும் இந்தத் தடையை ஏற்க முடியாமல் பதவி விலகினார்கள். ஈரான் மீதான தடைகளில் மருந்துக்கு விலக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. அலைவாய் விவரித்த அதே அச்சத்தால், அந்த மருந்துக்கான பணத்தைக் கையாள வங்கிகள் முன்வரவில்லை. விலக்கு தாளில் இருந்தது, நோயாளியின் கைக்கு மருந்து வரவில்லை. கியூபா மீதான அமெரிக்கத் தடை 1962இல் தொடங்கியது. அது மாற்ற நினைத்த ஆட்சி மாறவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெருக்குதல் போருக்கு மாற்று என்று அதை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். 1941 ஜூலையில் ஜப்பானியப் படைகள் தெற்கு இந்தோசீனாவுக்குள் நுழைந்தபோது அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கியது. அடுத்து எண்ணெய் நின்றது. தன் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவிடம் வாங்கிக்கொண்டிருந்த ஜப்பானின் கடற்படைத் தலைமை, கையிருப்பு எத்தனை மாதம் வரும் என்று கணக்குப் போட்டது. இப்போதே அடிக்காவிட்டால் பிறகு அடிக்கக் கப்பல் ஓடாது என்ற முடிவுக்கு அந்தக் கணக்கு அவர்களைத் தள்ளியது. டிசம்பர் 7 அன்று பெர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. ஜப்பானின் ஆக்கிரமிப்பை நான் நியாயப்படுத்தவில்லை. பிடி முழுமையாக இறுகும்போது பிடிபட்டவர் பணிவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை என்கிறேன். இன்று அணு ஆயுதம் வைத்திருக்கும் இரு நாடுகள் ஒன்றன் கழுத்தை ஒன்று பிடித்திருக்கும்போது, யார் நெடுநாள் தாங்குவார் என்று மட்டும் கேட்பது எனக்கு அச்சமூட்டுகிறது.

பனைநிழல்:

வல்லரசுகளுக்கு இடையே மாட்டிக்கொள்ளும் நாடுகளைப் பற்றி இந்த இழையில் ஒரு பதிவாவது இருக்க வேண்டும்.

1951 மே மாதத்தில், கொரியப் போரை ஒட்டி, சீனாவுக்குப் போர்ப் பயன்பாடுள்ள பொருள்களை விற்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. ரப்பரும் அத்தகைய பொருளாகக் கருதப்பட்டது. இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினர் ஆகவில்லை. அதன் ரப்பர் விலை விழுந்துகொண்டிருந்தது, அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. நியாயமான விலைக்கு ரப்பரை வாங்கவோ மலிவாக அரிசி தரவோ அமெரிக்கா முன்வரவில்லை. 1952 டிசம்பரில் வணிக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க பெய்ஜிங்கில் ரப்பர்–அரிசி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் போகும், 2,70,000 டன் அரிசி வரும், ரப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதல் விலை கிடைக்கும் என்பது ஏற்பாடு. அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அன்று கொழும்பில் ஆட்சி செய்தது பொதுவுடைமை எதிர்ப்பை வெளிப்படையாகப் பேசிய கட்சி. கொள்கை ஒரு பக்கம் இழுக்க, மக்கள் தட்டு மறுபக்கம் இழுக்க, அவர்கள் தட்டின் பக்கம் நின்றார்கள். இந்தக் கதையில் சிறிய நாடு தப்பியதற்குக் காரணம் அதன் வலிமை அல்ல. நெருக்கப்பட்ட வேறொரு பெரிய நாடு வாங்கக் காத்திருந்தது.

இந்தியாவுக்கு அப்படி ஒரு வாய்ப்பு இல்லாத காலமும் இருந்தது. 1965, 1966 ஆண்டுகளில் மழை பொய்த்தபோது அமெரிக்கக் கோதுமையை நம்பி நாடு இருந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தம் போடாமல், மாதத்துக்கு மாதம் தானே பார்த்துக் கப்பல்களை விடுவித்தார். வேளாண்மைக்கு இந்தியா கூடுதல் பணம் ஒதுக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளில் ஒன்று. வியட்நாம் போரைப் பற்றி இந்தியா பேசியதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த அவமானம் டெல்லியில் எல்லோருக்கும் வலித்தது. வலித்ததோடு நிற்காமல், 1966இல் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதையை இறக்குமதி செய்ய வைத்தார். 1964-65இல் ஏறத்தாழ 120 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68இல் 165 லட்சம் டன்னைத் தாண்டியது. மழை திரும்பிய பிறகும் கொள்முதல் விலையையும் உணவுக் கழகத்தையும் அரசு கைவிடவில்லை. வடந்தை சொல்லும் விதிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

தராசுமுள்:

ஆஸ்திரேலியா பற்றி ஒரு சிறு குறிப்பு. கொரோனா தொற்றின் தோற்றத்தை விசாரிக்க வேண்டும் என்று அந்நாடு கேட்ட பிறகு, 2020 மே மாதத்தில் பார்லிக்கு 80.5 விழுக்காடு வரி வந்தது. பின்னர் வைன், நிலக்கரி, மரம் என்று பட்டியல் நீண்டது. இரும்புத் தாது மட்டும் அதில் சேரவே இல்லை, ஏனென்றால் அதற்கு சீனாவிடம் மாற்று இல்லை. 2021இல் இரும்புத் தாது விலை டன்னுக்கு 200 டாலரைத் தாண்டியதால், மற்றவற்றில் இழந்ததை ஆஸ்திரேலியா பெருமளவு ஈடுகட்டிக்கொண்டது. பார்லி வரி 2023 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. தனக்கு வலிக்காத இடத்தில் மட்டுமே அடிக்க முடிகிற நெருக்குதல் பாதி நெருக்குதல்தான்.

வடந்தை:

தராசுமுள் எழுப்பிய பணக் கேள்விக்கு வருகிறேன். டாலரின் பிடி மழுங்கவில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் அதற்கு மாற்று தேடிப் பணம் கொடுப்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். 2022இல் ரஷ்ய மத்திய வங்கியின் ஏறத்தாழ 30,000 கோடி டாலர் கையிருப்பு முடக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி பிரசெல்ஸில் உள்ள, நிதிப் பத்திரங்களைக் காத்துவைக்கும் யூரோக்ளியர் நிறுவனத்தில் இருந்தது. அந்த ஆண்டு முதல் 2024 வரை, உலகின் மத்திய வங்கிகள் ஒவ்வோர் ஆண்டும் 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. தங்கத்துக்கு வட்டி கிடையாது. காப்பதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவை விரும்பி ஏற்பவர்கள் மாற்று வழிக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்றுதான் பொருள். 2000ஆம் ஆண்டளவில் உலகக் கையிருப்புகளில் 70 விழுக்காடு அளவில் இருந்த டாலரின் பங்கு இப்போது 60க்குச் சற்றுக் கீழே இருக்கிறது. இது மெதுவான தேய்மானம், ஆனால் திசை தெளிவாக இருக்கிறது.

செங்காந்தளின் கேள்வி இதைவிடக் கடினமானது. அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. 1941 ஜப்பானுக்கு எண்ணெய் வர வேறு வழி இல்லை, வழி உண்டாக்கக் காலமும் இல்லை. மாற்று வழி முற்றிலும் இல்லாத நாடு இரண்டே தெரிவுகளைப் பார்க்கிறது: பணிவது, அல்லது கையிருப்பு தீருமுன் அடிப்பது. ஆகவே எதிரியிடம்கூட ஓரளவு மாற்று வழி இருப்பது அமைதிக்கு நல்லது என்ற முடிவுக்கு வருகிறேன். 2019 மே மாதத்தில் ஹுவாவே நிறுவனத்தைத் தடைப் பட்டியலில் சேர்த்து, 2022 அக்டோபரில் உயர்தரச் சில்லுகளையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் சீனாவுக்கு அடைத்த அமெரிக்கா, 2023 ஆகஸ்டில் ஹுவாவே உள்நாட்டிலேயே செய்த 7 நானோமீட்டர் சில்லுடன் கைப்பேசியை வெளியிட்டபோது அதைத் தோல்வியாகப் பார்த்தது. அந்தச் சில்லு தைவானின் முன்னணிச் சில்லுகளைவிடச் சில தலைமுறை பின்தங்கியதுதான். இருந்தாலும், முற்றிலும் மூச்சு முட்டிய சீனாவைவிட, செலவு செய்து மெதுவாக மூச்சுவிடும் சீனாவோடு பேசுவது எளிது. வாஷிங்டனில் இந்தப் பார்வைக்கு ஆதரவு குறைவு என்பது தெரியும். அப்படி இருக்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

மருந்து விலக்கு பற்றி அலைவாயும் செங்காந்தளும் எழுதியதற்கு ஒரு நடைமுறைக் கோரிக்கை போதும். தடை விதிக்கும் அரசு, விலக்கு உண்டு என்று அறிவிப்பதோடு நிற்காமல், அந்த விலக்கின்கீழ் பணம் அனுப்பும் வங்கியை எந்த அபராதமும் தொடாது என்று பெயர் குறிப்பிட்டு எழுதித் தர வேண்டும். வழி காட்டாத விலக்கு விலக்கே அல்ல.

இனி பூசானுக்குத் திரும்புவோம். அங்கே சீனா நிறுத்தி வைத்தவை 2025 அக்டோபர் 9 அன்று அது அறிவித்த விரிவான கட்டுப்பாடுகள். ஏப்ரலில் வந்த ஏழு தனிமங்களுக்கான உரிம முறை நீக்கப்படவில்லை. நிறுத்தி வைத்ததும் 2026 நவம்பர் 10 வரைதான். இடைப்பட்ட காலத்தில் இரண்டு செய்திகளை நான் கவனிக்கிறேன். லைனாஸ் 2025 மே மாதத்தில் மலேசியாவில் டிஸ்ப்ரோசியம் ஆக்சைடைப் பிரித்தெடுத்தது. தராசுமுள் சொன்ன பூட்டிய கதவில் அது முதல் திறப்பு. மற்றொன்று, 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, மவுண்டன் பாஸ் சுரங்கத்தை இப்போது நடத்தும் எம்பி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில் பங்கு வாங்கியது. நியோடிமியம்–பிரேசியோடிமியம் ஆக்சைடு விலை கிலோவுக்கு 110 டாலருக்குக் கீழே போனால் வித்தியாசத்தைத் தானே தருவதாகப் பத்தாண்டுக்கு உறுதியளித்தது. மாலிகார்ப்புக்கு 2015இல் கிடைக்காதது இந்த உறுதிதான். ஆனால் அது இலேசான தனிமங்களுக்கு. டிஸ்ப்ரோசியத்துக்கும் டெர்பியத்துக்கும் இதே போன்ற விலை உறுதியை எந்த அரசாவது தந்திருக்கும் செய்தி கிடைத்தால் இங்கே பதியுங்கள். காலியம், ஜெர்மானியம் பற்றித் தனி இழை தொடங்குவது நல்லது, ஏனென்றால் அவை தனியே தோண்டி எடுக்கப்படுபவை அல்ல. அலுமினா, துத்தநாக ஆலைகளின் துணைவிளைபொருள்கள் என்பதால் அங்கே கணக்கே வேறு.